365 படி, 300 முட்டை

திருத்தணி மலைக்கு 365 படி. வருஷத்துக்கு எத்தனை நாளோ அத்தனை படி என்று பெரியவர்கள் சொல்வார்கள். டிசம்பர் 31 அன்று படித்திருவிழா. ஒவ்வொரு படிக்கும் பூசை செய்து, பாட்டுப் பாடிக்கொண்டே ஏறுவார்கள்.

இந்தப் படிக்கணக்கைக் கோழிக்கும் போட்டுப் பாருங்கள். முட்டை இட்ட நாளில் மட்டும் ஒரு படி ஏறலாம், இடாத நாளில் நின்ற இடத்திலேயே நிற்கணும் என்று வைத்துக்கொள்வோம். எங்கள் வீட்டு நாட்டுக்கோழி வருஷத்துக்கு மூணு, நாலு தடவை முட்டை வைக்கும். தடவைக்குப் பன்னிரண்டு, பதினைந்து. அப்புறம் அடை உட்கார்ந்துவிடும். 21 நாள் அடை, அதற்கு மேல் குஞ்சோடு ஊர் சுற்றல். ஆக வருஷம் முடியும்போது ஐம்பதாவது, அறுபதாவது படியில் மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கும். பண்ணையில் இருக்கிற வெள்ளை லேயர் கோழியோ 300 படியைத் தாண்டிப் போயிருக்கும்.

சென்னையிலிருந்து வருகிற நண்பர்கள் இதைக் கேட்டதும் முதலில் சொல்வது, "ஊசி போடறாங்களாமே?" என்பதுதான். இல்லீங்க. பண்ணையில் போடுகிற ஊசி வெள்ளைக்கழிச்சல் மாதிரி நோய்க்கான தடுப்பூசி. முட்டை இட வைக்க ஊசி போடுவதில்லை. பாதி வேலையை இனம் செய்கிறது. தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி எடுத்து, அடை உட்காருகிற குணத்தையே அந்தக் கோழியிடமிருந்து எடுத்துவிட்டார்கள். மீதிப் பாதியைச் செய்வது தீவனமும் கொட்டகையும். அந்த மீதிப் பாதிக்கு ஒரு கதை இருக்கிறது.

சுருக்கமாகச் சொன்னால் இதுதான். கோழியை முற்றத்திலிருந்து கொட்டகைக்குள் கொண்டுபோனபோது, முற்றம் சும்மா கொடுத்துக்கொண்டிருந்ததை ஒவ்வொன்றாக மூட்டையில் கட்டிக் கொடுக்க வேண்டி வந்தது. என்னென்ன கொடுத்துக்கொண்டிருந்தது என்பது முதலில் யாருக்கும் தெரியாது. ஒவ்வொரு தடவையும் கோழி காயலாவாகப் படுத்த பிறகுதான் மனுஷனுக்குப் புரிந்தது. அப்படி மூட்டையில் கட்டவே முடியாத சரக்கு ஒன்று மட்டும் கடைசியில் மிச்சம் நின்றது.

நம்ம ஊர்ப் பறவை

கோழி ஒன்றும் சீமைச் சரக்கு இல்லை. வீட்டுக்கோழியின் முக்கியமான மூதாதை சிவப்புக் காட்டுக்கோழி. அது வடஇந்தியாவிலிருந்து தென்கிழக்கு ஆசியா வரை உள்ள காடுகளில் வாழ்வது. ஆனால் தென்னிந்திய மலைகளில் இருப்பது சாம்பல் காட்டுக்கோழி. 2008-ல் வெளிவந்த ஒரு மரபணு ஆய்வு, பண்ணைக்கோழியின் மஞ்சள் நிறத் தோலும் காலும் இந்தச் சாம்பல் காட்டுக்கோழியிடமிருந்து வந்தவை என்று காட்டியது. லெகார்ன் என்ற பேரு இத்தாலித் துறைமுகத்தினுடையது, காலின் நிறம் நம்ம பக்கத்து மலையினுடையது. சேவலைக் கொடியில் வைத்திருக்கிற சாமியின் ஊரில் இருந்துகொண்டு இதை எழுத எனக்குக் கொஞ்சம் பெருமைதான்.

1960 ஏப்ரல் 1 வரைக்கும் இந்த ஊர் ஆந்திராவின் சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. இன்றைக்கும் எங்கள் சந்தையில் பாதிப் பேச்சு தெலுங்கு. கோழிக்குத் தெலுங்கில் 'கோடி'. "ரெண்டு கோடி வேணும்" என்று கேட்டால் பணம் என்று நினைத்துக்கொள்ளாதீங்க.

முற்றம் என்ன கொடுத்தது?

எங்கள் ஆயா கோழிக்கென்று தனியாக எதுவும் வாங்கியது இல்லை. காலையில் கூடையைத் தூக்கினால் கோழி வெளியே ஓடும். உரலடியில் சிந்தின தவிடு, குருணை, களத்து மேட்டில் கம்பு, வேலியோரம் கீரை, எருக்குழியில் புழு, இதுதான் சாப்பாடு. குஞ்சு பொரித்த சமயத்தில் மட்டும் ஆயா ஒரு வேலை செய்யும். பழைய பானையில் காய்ந்த சாணியும் கந்தல் சாக்கும் திணித்து, தண்ணீர் தெளித்து, கறையான் நடமாடுகிற இடத்தில் கவிழ்த்து வைக்கும். மறுநாள் காலையில் பானை நிறையக் கறையான். அதைத் தட்டினால் குஞ்சுகள் சண்டை போட்டுக்கொண்டு தின்னும். சுண்ணாம்புக்குப் பழைய சுவர் இருந்தது, கோழி தானாகவே போய்க் கொத்தும். உடைத்த முட்டை ஓட்டையும் நொறுக்கிப் போடுவோம்.

தவிடு, வெயில், குப்பை, பூச்சி, சுண்ணாம்பு, இடம். இந்த ஆறையும் மனசில் வைத்துக்கொள்ளுங்கள். இனி ஒவ்வொன்றாகக் காணாமல் போகும்.

தவிடு

இது 1889-ல், டச்சுக்காரர்கள் ஆண்ட ஜாவாத் தீவில் நடந்தது. கிறிஸ்டியான் எய்க்மான் என்ற மருத்துவர் பெரிபெரி நோய்க்குக் கிருமி தேடிக்கொண்டிருந்தார். கால் மரத்துப்போய் மனுஷன் விழுந்துவிடும் நோய் அது. அவருடைய ஆய்வுக்கூடத்துக் கோழிகளும் திடீரென்று கால் தள்ளாடி விழ ஆரம்பித்தன. சில மாதம் கழித்து, எந்த மருந்தும் கொடுக்காமலே எழுந்தும் நின்றன. விசாரித்தபோது விஷயம் சமையல்கட்டில் இருந்தது. ராணுவ ஆஸ்பத்திரியில் மீந்த தீட்டின அரிசிச் சோற்றைக் கோழிக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள். புதுசாக வந்த சமையல்காரர் ராணுவச் சோற்றைக் கோழிக்குத் தர மாட்டேன் என்று நிறுத்திவிட்டார். மறுபடியும் தவிடு நீக்காத அரிசிக்குத் திரும்பியதும் கோழி பிழைத்தது. தவிட்டில் இருந்த ஒரு சத்துதான் காரணம். அதைத்தான் பிற்பாடு வைட்டமின் பி1 என்றார்கள். எய்க்மானுக்கு 1929-ல் நோபல் பரிசு கிடைத்தது.

உரலும் உலக்கையும் போய் ரைஸ்மில் வந்தபோது தவிடு வீட்டைவிட்டுப் போய்விட்டது. இன்றைக்கு மில் தவிட்டில் முதலில் எண்ணெய் எடுக்கிறார்கள். எண்ணெய் எடுத்த தவிடுதான் தீவன மூட்டைக்கு வருகிறது. வைட்டமின் தனியாக, ஒரு சின்னப் பொட்டலத்தில் வருகிறது.

வெயில்

அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பனிக்காலத்தில் கோழியை வெளியே விட முடியாது. உள்ளேயே அடைத்தால் குஞ்சுகளின் கால் வளைந்தது, முட்டை ஓடு மெலிந்தது. கண்ணாடி ஜன்னல் வழியாக வந்த வெயிலும் உதவவில்லை. 1920-களில் விடை கிடைத்தது. தோலில் வெயில் நேரடியாகப் பட்டால்தான் வைட்டமின் டி உண்டாகும். வெயிலுக்குப் பதிலாக மீன் எண்ணெய் கொடுத்தாலும் போதும்.

கோழி வளர்ப்பின் சரித்திரத்தில் இதை ஒரு பெரிய திருப்பம் என்று சொல்வேன். மீன் எண்ணெய் வந்த பிறகுதான் வருஷம் முழுக்கக் கோழியை உள்ளே வைக்க முடிந்தது. அமெரிக்காவில் 1920-களிலும் 30-களிலும் கம்பிக் கூண்டு பரவ ஆரம்பித்தது தற்செயல் இல்லை. வெயில் புட்டிக்குள் வந்ததும் கோழி கூண்டுக்குள் போனது. வெளிச்சத்துக்கு பல்பு. லேயர் கோழிக்கு நாளுக்கு 16 மணி நேரம் வெளிச்சம் வேண்டும் என்று விடியற்காலையிலேயே ஷெட்டில் விளக்கு எரிவதை நீங்கள் பார்த்திருக்கலாம்.

குப்பையும் பூச்சியும்

தானியமும் பிண்ணாக்கும் மட்டும் தின்ற குஞ்சு சரியாக வளரவில்லை. கருவாட்டுத் தூள் சேர்த்தால் வளர்ந்தது. சாணத்தைக் கிளறித் தின்றாலும் வளர்ந்தது! தரையில் உமி பரப்பி, எச்சம் கலந்து மக்கிப்போன கூளத்தின் மேல் வளர்ந்த கோழிக்கும் குறை வரவில்லை. அந்த மர்மப் பொருளை 1948-ல் பிரித்தெடுத்தார்கள். வைட்டமின் பி12. செடி கொடியில் அது கிடையாது, நுண்ணுயிர்தான் செய்யும். எருக்குழியைக் கிளறுகிற கோழியைக் கல்லெடுத்து விரட்டுவோமே, அது அங்கே இதையும்தான் தேடியிருக்கிறது. கம்பித் தளத்தில் நிற்கிற கோழிக்குக் கிளற எதுவும் இல்லை. ஆகவே பி12-ம் பொட்டலத்தில் சேர்ந்தது.

பி12-ஐ மலிவாகத் தேடப்போய் இன்னொன்றும் கண்டுபிடித்தார்கள். ஆரியோமைசின் என்ற ஆன்டிபயாடிக் மருந்து தயாரித்த பிறகு மிஞ்சின கசடைக் குஞ்சுக்குக் கொடுத்தபோது, பி12 கொடுத்ததைவிட வேகமாக வளர்ந்தது. காரணம் கசடில் ஒட்டியிருந்த மருந்து. 1950-லிருந்து தீவனத்தில் ஆன்டிபயாடிக் கலக்கும் பழக்கம் உலகம் முழுக்கப் பரவியது. நெருக்கமாக அடைத்து வளர்க்க அது துணை போனது. அதன் விலையை இப்போது ஆஸ்பத்திரிகளில் கொடுத்துக்கொண்டிருக்கிறோம். மருந்துக்கு மசியாத கிருமிகளுக்குக் கடைசி ஆயுதமாக வைத்திருக்கிற கோலிஸ்டின் என்ற மருந்தைக் கால்நடை, கோழிகளுக்குக் கொடுக்கக் கூடாது என்று இந்திய அரசு தடை போட்டது 2019-ல்தான்.

பிண்ணாக்குக் கதையும் உண்டு. எங்கள் பக்கம் மானாவாரி என்றால் வேர்க்கடலை. கடலைப் பிண்ணாக்குதான் மாட்டுக்கும் கோழிக்கும் புரதம். 1960-ல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் கொத்துக் கொத்தாகச் செத்தன. பிரேசிலிலிருந்து வந்த கடலைப் பிண்ணாக்கில் பிடித்த பூஞ்சணம்தான் காரணம். அந்த விஷத்துக்கு அஃப்ளடாக்சின் என்று பேர் வைத்தார்கள். ஈரக்கடலையைக் குவித்து வைத்தால் பச்சையாகப் பூக்குமே, அதே பூஞ்சணம். பிற்பாடு சோயாப் பிண்ணாக்கு அந்த இடத்தைப் பிடித்தது. மக்காச்சோளமும் சோயாவும் சேர்ந்தால் நல்ல தீவனம்தான், ஆனால் மெத்தியோனின் என்ற ஒரு புரதக்கூறு போதாது. கறையானிலும் புழுவிலும் இருந்தது அது. இப்போது ஃபேக்டரியில் செய்து வெள்ளைத் தூளாக வருகிறது. ஆயாவின் பானைக்குப் பதில் ஒரு மூட்டை.

நாமக்கல்லுக்கு வந்த கதை

அந்தக் காலத்திலேயே நம்ம பக்கம் சீமைக்கோழி வந்துவிட்டது. அரக்கோணம் வழியாக ரயிலில் போனால் வரும் காட்பாடியில், ஆர்க்காடு மிஷன் நடத்திய விவசாயப் பள்ளியில் சீமைக்கோழி வளர்த்தார்கள். ஆனால் அது தொழிலாக மாறினது ரொம்பப் பிற்பாடு. 1971-ல் டாக்டர் பி.வி. ராவ் ஐதராபாத்தில் வெங்கடேஸ்வரா ஹாட்சரீஸ் ஆரம்பித்தார். வெள்ளை லேயர் குஞ்சு, தீவனம், தடுப்பூசி என எல்லாம் ஒரே கையில் கிடைக்க ஆரம்பித்தன. முட்டை விலையை வியாபாரிகள் தீர்மானித்த காலம் அது. 1982-ல் தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு வந்த பிறகு பண்ணைக்காரர்கள் சேர்ந்து விலை சொல்ல ஆரம்பித்தார்கள். நாமக்கல் முட்டை விலை என்று இன்றைக்கும் பேப்பரில் வருகிறதே, அதுதான்.

அப்போது சேலம் மாவட்டத்தில் இருந்த நாமக்கல், மழை குறைந்த பூமி. ஆனால் லாரி இருந்தது. மக்காச்சோளம் எங்கே விளைந்தாலும் கொண்டுவரலாம், முட்டையை எங்கே வேண்டுமானாலும் கொண்டுபோகலாம். முதலில் உமி பரப்பின தரையில் வளர்த்தார்கள். அப்புறம் கூண்டு வந்தது. கூண்டில் முட்டை உருண்டு முன்னால் வந்துவிடும், எச்சம் கீழே விழுந்துவிடும், ஒரு ஆள் ஆயிரக்கணக்கான கோழியைப் பார்க்கலாம். எச்சம் மிதிக்காததால் ரத்தக்கழிச்சலும் பூச்சித் தொல்லையும் குறைந்தன. இந்த லாபத்தை மறைத்துவிட்டுக் கூண்டைத் திட்டுவது நியாயம் இல்லை.

இன்னொரு நியாயமும் இருக்கிறது. 1982-ல் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டம் கொண்டுவந்தார். 1989-ல் கலைஞர் ஆட்சியில் அதில் முட்டை சேர்ந்தது, இரண்டு வாரத்துக்கு ஒன்று. 2010-ல் வாரத்துக்கு ஐந்து. எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் மத்தியானம் தட்டில் முட்டை விழுகிற சத்தத்துக்குப் பின்னால் இந்தக் கூண்டு இருக்கிறது. வருஷத்துக்கு அறுபது முட்டை இடுகிற கோழியை நம்பி லட்சக்கணக்கான பிள்ளைகளுக்கு அந்த முட்டையைக் கொடுத்திருக்கவே முடியாது.

சுண்ணாம்பும் இடமும்

இப்போது மிச்சம் இருக்கிற இரண்டுக்கு வருகிறேன். ஒரு முட்டை ஓட்டில் சுமார் 2 கிராம் கால்சியம். ஒரு கோழியின் மொத்த எலும்பிலும் இருப்பது சுமார் 20 கிராம். அப்படியானால் 300 முட்டைக்குத் தன் எலும்புக்கூட்டைப் போல முப்பது மடங்கு சுண்ணாம்பை அது உடம்பு வழியாகக் கடத்தி வெளியே தள்ளுகிறது. ஓடு பெரும்பாலும் ராத்திரியில்தான் உருவாகும். அந்த நேரம் இரைப்பை காலியாக இருந்தால் எலும்பிலிருந்து எடுத்துக்கொள்ளும். அதனால்தான் தீவனத்தில் கிளிஞ்சலும் சுண்ணாம்புக்கல் குருணையும் சேர்க்கிறார்கள்.

1950-களில், கூண்டு பரவின அமெரிக்காவில், நன்றாக முட்டை இட்டுக்கொண்டிருந்த கோழிகள் திடீரென்று கால் விழுந்து படுத்தன. கூண்டுச் சோர்வு என்று அதற்குப் பேர். சுண்ணாம்பும், அதோடு சேர வேண்டிய பாஸ்பரஸும், வைட்டமின் டி-யும் சரிபார்த்துக் கொடுத்ததில் பெருமளவு குறைந்தது. ஆனால் ஒரு விஷயம் கவனிக்கணும். கால் விழுந்த கோழியைக் கூண்டிலிருந்து எடுத்துத் தரையில் விட்டால், பல கோழிகள் சில நாளில் எழுந்து நடந்தன. எலும்புக்குச் சுண்ணாம்பு மட்டும் போதாது, நடை வேண்டும். மூட்டையில் கட்ட முடியாத சரக்கு என்று சொன்னேனே, அது இந்த இடம்தான்.

நம்ம நாட்டில் கூண்டுக் கோழி ஒன்றுக்கு ரொம்ப காலம் சொல்லப்பட்டு வந்த அளவு 450 சதுர சென்டிமீட்டர். உங்கள் ஆபீஸ் பிரின்டரில் போடுகிற ஏ4 தாள் 624. 1989-ல் இங்கிலாந்தில் மரியன் டாக்கின்ஸும் ஒரு சக ஆய்வாளரும் கோழியை மேலிருந்து படம் எடுத்து அளந்தார்கள். சும்மா நிற்கவே 475, ஒரு இறக்கையை நீட்ட 893, திரும்ப 1,272, இறக்கை அடிக்க 1,876. அவை நம்ம வெள்ளைக் கோழியைவிடப் பெருத்த பழுப்புக் கோழிகள். அதைக் கழித்துப் பார்த்தாலும் கணக்கு இடிக்கிறது.

இடம் குறைந்தால் முட்டை குறையாதா என்று கேட்பீர்கள். குறையும். ஆராய்ச்சிகள் திரும்பத் திரும்பக் காட்டுவது இதுதான். நெருக்கினால் கோழி ஒன்றுக்கு முட்டை குறையும், சாவும் கூடும். அப்புறம் ஏன் நெருக்குகிறார்கள்? கணக்குக்காக ஒரு உதாரணம் சொல்கிறேன். ஒரு ஷெட்டில் 1,000 கோழி, ஆளுக்கு 300 முட்டை, மொத்தம் 3,00,000. அதே ஷெட்டில் 1,250 கோழியை நெருக்கினால் ஆளுக்கு 285-தான் இடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 3,56,250. கோழிக்கு நஷ்டம், ஷெட்டுக்கு லாபம். ஷெட், கரண்ட், கூலி எல்லாம் அதே செலவு, தீவனம்தான் கூடும். முட்டைக்குச் சில பைசாதான் மிஞ்சும் என்கிற தொழிலில், பக்கத்துப் பண்ணைக்காரர் நெருக்கும்போது நான் மட்டும் விட்டு வைத்தால் அடுத்த வருஷம் நான் இருக்க மாட்டேன். பண்ணைக்காரர் கெட்டவர் என்பதால் இது நடக்கவில்லை. தனி ஆளாகத் திருத்த முடியாத கணக்கு இது.

அதனால் மற்ற நாடுகளில் சட்டம் வந்தது. இங்கிலாந்தில் 1964-ல் ரூத் ஹாரிசன் எழுதிய புத்தகம் சர்ச்சையைக் கிளப்பியது. 1999-ல் ஐரோப்பிய ஒன்றியம் ஒரு உத்தரவு போட்டு, வெறும் கம்பிக் கூண்டு 2012 முதல் கூடாது என்றது. கூண்டு வைத்தால் கோழிக்கு 750 சதுர சென்டிமீட்டர், அதிலே உட்காரக் கம்பு, முட்டையிடத் தனி இடம். மாறுவதற்குப் பன்னிரண்டு வருஷம் அவகாசம். எல்லாருக்கும் ஒரே நாளில் ஒரே விதி என்பதால், நெருக்குகிறவனுக்கு லாபம், விட்டு வைக்கிறவனுக்கு நஷ்டம் என்ற கணக்கு அங்கே உடைந்தது. நம்ம நாட்டிலும் 2017-ல் சட்ட ஆணையம் முட்டைக்கோழி வளர்ப்பு பற்றி அறிக்கை கொடுத்து, விதிகள் வேண்டும் என்று சொன்னது.

கடையில் நிற்கும்போது

நகரத்து நண்பர்களுக்கு இரண்டு விஷயம். பழுப்பு ஓடு என்றால் நாட்டுக்கோழி முட்டை என்று அர்த்தம் இல்லை. ஓட்டின் நிறம் இனத்தைப் பொறுத்தது, பழுப்பு முட்டையும் கூண்டிலிருந்து வரலாம். மஞ்சள்கரு ஆரஞ்சாக இருந்தால் கோழி புல்லில் மேய்ந்தது என்றும் சொல்ல முடியாது. செண்டுமல்லிப் பூவிலிருந்து எடுத்த சாயச்சத்தைத் தீவனத்தில் கலந்தாலும் அதே நிறம் வரும். அந்த நிறத்துக்காகவே ஏக்கர் கணக்கில் செண்டுமல்லி பயிர் செய்கிறார்கள். வெயில், தவிடு, பூச்சி, கடைசியில் கீரையின் நிறம் வரைக்கும் பொட்டலத்தில் வந்துவிட்டது. முட்டையைப் பார்த்து அளக்க முடியாதது கோழி நின்ற இடம் மட்டும்தான். விற்கிறவரிடம் கேட்டால்தான் தெரியும். கேளுங்கள்.

எல்லாரும் நாட்டுக்கோழி முட்டை தின்னுங்கள் என்று நான் சொல்ல வரவில்லை. அந்த விலை எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு எட்டாது. கூண்டை நாளைக்கே உடைக்கச் சொன்னால் பாதிப் பண்ணைகள் கடனில் முங்கிவிடும். ஆனால் முட்டை வாங்குகிறவர்களிலேயே பெரியவர் அரசாங்கம்தான். சத்துணவு முட்டை இத்தனை எடை இருக்கணும் என்று விதி வைத்து வாங்குகிறார்கள். கோழிக்கு இத்தனை இடம் இருக்கணும் என்று இன்னொரு வரி சேர்த்து, அதற்கு ஆகிற கூடுதல் பைசாவையும் சேர்த்துக் கொடுத்து, பத்து வருஷம் அவகாசமும் கொடுத்தால் எல்லாப் பண்ணையும் ஒன்றாக மாறும். தவிட்டின் சத்துக்கும் வெயிலுக்கும் விலை போட்டு வாங்கக் கற்றுக்கொண்ட நாம், இடத்துக்கு மட்டும் இன்னும் விலை போடவில்லை. அந்தப் பாக்கியைக் கோழி தன் எலும்பிலிருந்து கட்டிக்கொண்டிருக்கிறது.